கடல் கடந்தவர்கள் தம்மை அறிமுகம் செய்துகொண்ட கதை



சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, "வரலாறு எழுதினா யாருப்பா படிப்பாங்க?" என்று நான் தயங்கினேன். "நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு வெளிநாடு போய்ட்டு வந்தவங்க. அதுக்கு ஒரு வரலாறு இருக்குமில்ல, அதை எழுதுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உறுப்பினர் விவரப் படிவத்தைப் புரட்டிப் பாருங்கள். பெயர், படித்த பிரிவு, வேலை, குடும்பம் எல்லாம் எழுதிய பிறகு "விருப்பம்" என்றொரு கட்டம் வருகிறது. ஒரு காலத்தில் அதில் கிரிக்கெட், பாட்டு, புத்தகம் என்றுதான் எழுதுவோம். இப்போது பலர் எழுதுவது "வெளிநாட்டுப் பயணம்". சிலர் கூடவே கணக்கும் கொடுக்கிறார்கள்: இதுவரை 9 நாடுகள், அடுத்தது ஜப்பான்!

இந்த ஒரு வரியை ஒரு தமிழன் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று? கடல் கடந்து போனவர்கள் நம்மிடையே எப்போதும் இருந்தார்கள். ஆனால் "ஆசைக்காகப் போனேன்" என்று சொல்லிக்கொள்ள எல்லோராலும் முடிந்ததில்லை. போனவர்கள் தம்மை எப்படி அறிமுகம் செய்துகொண்டார்கள், அந்த அறிமுகத்தை எழுதிய கை யாருடையது என்று பார்த்தால் அதுவே ஒரு சரித்திரம். அதைத்தான் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

நின்ற ஊரும் நகர்ந்த ரயிலும்

நம் ஊரின் பெயரிலேயே நிற்பது இருக்கிறது. திருவாகிய மகாலட்சுமி வந்து நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர். பேச்சு வழக்கில் தின்னனூர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. தாயாருக்கு இங்கே "என்னைப் பெற்ற தாயார்" என்று திருநாமம்.

அதே ஊரில்தான் பூசலார் நாயனாரும் வாழ்ந்தார். கையில் காசில்லாத அந்த அடியார் செங்கல், மரம், சுண்ணாம்பு எல்லாவற்றையும் மனத்திலேயே சேர்த்து, மனத்திலேயே நல்ல நாள் பார்த்துக் கோயில் எடுத்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு என்று ஏற்பாடாகியிருந்தது. நின்றவூரில் அன்பன் ஒருவன் கட்டிய கோயிலுக்கு நாளை நான் போகவேண்டும், உன் விழாவைப் பிறகு வைத்துக்கொள் என்று இறைவன் மன்னன் கனவில் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது. மன்னன் இங்கே ஓடி வந்து, கோயில் எங்கே என்று தேடினானாம்! இருதயாலீசுவரர் கோயில் அந்தக் கதையின் நினைவாக நிற்கிறது.

இப்படி நின்ற ஊரின் நடுவே நகரும் பொருள் ஒன்று வந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை திறக்கப்பட்டது. ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம் என்று போகும் அதே தடம்தான். கல்லூரி நாட்களில் நாம் படியில் தொங்கிக்கொண்டு வந்த பாதைக்கு இப்படியொரு பெருமை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உள்நாட்டுக் கிராமங்களைச் சென்னைத் துறைமுகத்தோடு இரும்பால் கட்டிய பாதை அது. அந்த வழியாக நெல்லும் தோலும் மட்டுமா துறைமுகம் போயின? மனிதர்களும் போனார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பானை ஓட்டில் ஒரு பெயர்

கடல் கடந்த தமிழரின் பழைய அறிமுகம் ஓலையிலோ தாளிலோ இல்லை, பானை ஓட்டில் இருக்கிறது. எகிப்து நாட்டின் செங்கடல் கரையில் குசைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகம். அங்கே நடந்த அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பிற்காலத்தில் "பானை ஒறி" என்று எழுதிய ஓடு ஒன்றும் அங்கிருந்து கிடைத்தது. உறியில் தொங்கவிட்ட பானை என்று பொருள் கொள்கிறார்கள். காலம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு.

சாதன் யார், எந்த ஊர், வணிகனா, கப்பலில் வேலை செய்தவனா என்பதற்கு அந்த ஓட்டில் பதில் இல்லை. "இது என் பானை" என்பதைத்தான் அது சொல்கிறது. விடுதியில் தட்டிலும் டம்ளரிலும் ஆணியால் பெயர் கீறி வைத்தோமே, அதே காரியம்! ஆனால் அயல் மண்ணில் ஒரு தமிழன் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டான் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்த அறிமுகம் கல்லில் வந்தது, அடக்கமும் குறைந்திருந்தது. 1025ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மேல் சென்றது. அவன் மெய்க்கீர்த்தி கடாரம் முதலாக வென்ற ஊர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகும். நாடுகளின் பட்டியல் போடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்! வணிகர்களோ வேறு வகை. சுமத்திரா தீவின் மேற்குக் கரையில், பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டில் "திசையாயிரத்து ஐந்நூற்றுவர்" என்று அவர்கள் தம்மைக் குறிக்கிறார்கள். சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே சிவன் கோயில் எடுத்த செய்தியைச் சொல்வது அது. தனியொருவன் பெயரைவிடக் குழுவின் பெயரும் தெய்வத்தின் பெயருமே அங்கே அறிமுகச் சீட்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தமிழ்ச் சங்கத்தையும் கோயிலையும் தேடும் நம் வழக்கத்துக்கு வயது ஆயிரம் இருக்கும்.

அடையாளம்: இடது கன்னத்தில் வடு

இனி அந்த ரயிலும் துறைமுகமும். 1860ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி "ட்ரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம். 1911 வரை அப்படி நேட்டால் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். மொரீஷியஸ், பிஜி, கயானா, மலேயா என்று இதே கதை பல கரைகளில் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டம் போனவர்கள் தனிக் கணக்கு.

இவர்களுக்கும் அறிமுகம் எழுதப்பட்டது. ஆனால் எழுதியவர் குடியேற்ற அலுவலக எழுத்தர். பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், பிறகு உடலில் உள்ள தழும்பு, மச்சம். இவ்வளவுதான். விருப்பம் என்றொரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அந்தப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஜில்லாப் பெயர்களில் ஒன்று செங்கற்பட்டு. அன்று திருநின்றவூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் போனவர்கள் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து வயதான கணவன், மனைவி இருவர் வந்திருந்தார்கள். தெரிந்தவர் மூலம் என்னிடம் அனுப்பப்பட்டவர்கள். கையில் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்று. கிராமத்தின் பெயரைத் தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அதைப் படித்தால் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்கள் நான்குக்குப் பொருந்தும். நான்கையும் ஆட்டோவில் சுற்றினோம். அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கடைசி ஊரில் டீக்கடைப் பெரியவர், "யாரம்மா நீங்க, இன்னா சமாச்சாரம்?" என்று விசாரித்தார். "எங்க தாத்தாவோட ஆயா ஊரு" என்றார் அந்த அம்மாள். "இந்த ஊருதானா?" என்று பெரியவர் கேட்டதற்கு, "நாலுல ஒண்ணு. நாலையும் பார்த்தாச்சு" என்று சிரித்தார். பெரியவர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வெளிநாட்டுப் பயணம் என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு வேறொரு பொருள் விளங்கியது. அவர்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு. ஐந்து தலைமுறைக்கு முன் ஒரு அலுவலர் எழுதிய அறிமுகத்தைச் சரிபார்க்க வந்த பயணம் அது.

கடல் தாண்டினால் சாதி போகும்

கூலிக்குப் போனவர்களை யாரும் தடுக்கவில்லை. மேல்சாதியார் போவதற்குத்தான் சாத்திரம் குறுக்கே வந்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அஞ்சினார்கள். கணித மேதை ராமானுஜன், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கேம்பிரிட்ஜ் அழைப்பு வந்தும் முதலில் தயங்கினார். பிறகு குடுமியை எடுத்துவிட்டு 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி "நெவாசா" கப்பலில் புறப்பட்டார். துறைமுகத்திலேயே வேலை பார்த்தவருக்குக் கப்பல் ஏற இத்தனை தடை!

ஆகவே அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பயண நூல்களில் எழுதியவர் முதலில் யாத்திரீகராகவே நம் முன் வருகிறார். சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830, 1831ஆம் ஆண்டுகளில் காசிக்குப் போய் வந்ததைத் தெலுங்கில் எழுதினார். கோவை பகடாலு நரசிம்மலு நாயுடு "ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்" என்று 1889ஆம் ஆண்டு தமிழில் வெளியிட்டார். க்ஷேத்திரம், தீர்த்தம், சத்திரம், ரயில் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. ஊர் பார்க்கும் ஆசை இவர்களுக்கு இல்லாமலா போயிற்று? நிறைய இருந்தது. ஆனால் புண்ணியத்தின் பெயரால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

1931ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலிருந்து கப்பலேறிய பெரியார், எகிப்து, துருக்கி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றி 1932 நவம்பரில் திரும்பினார். சாத்திரம் தடுத்த கடலை, சாத்திரத்தையே எதிர்த்தவர் தாண்டிப்போய், அயல்நாட்டுச் சமூகங்கள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்து வந்தார். யாத்திரை என்ற போர்வை அப்போது கழன்றுவிட்டது.

உலகம் சுற்றிய தமிழர்

இப்போது நம் கதாநாயகர். ஏ.கே. செட்டியார் என்ற பெயரை இன்றைய இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கருப்பன் என்பது இயற்பெயர். 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டில் பிறந்தவர். பர்மாவில் "தனவணிகன்" இதழை நடத்தினார். புகைப்படக் கலையை ஜப்பானில் பயின்றார், பிறகு நியூயார்க்கிலும் பயின்றார். 1936ஆம் ஆண்டு "ஜப்பான் கட்டுரைகள்", 1940ஆம் ஆண்டு "உலகம் சுற்றும் தமிழன்". இந்தப் பெயரே பிறகு அவருக்குப் பட்டமாயிற்று.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் "சமேரியா" கப்பலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அட்லாண்டிக் கடலின் நடுவே அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காந்தியைப் பற்றி உலகெங்கும் எடுக்கப்பட்ட படச்சுருள்களைத் திரட்டி ஒரு முழு ஆவணப்படம் செய்தால் என்ன? அப்போது அவருக்கு 26 வயது நிறையவில்லை. பணம் கிடையாது, ஆள்பலம் கிடையாது. வெள்ளைக்கார ஆட்சி வேறு. "ஆகுற காரியமா இது?" என்றுதான் நாமாக இருந்தால் கேட்டிருப்போம்.

அவர் கிளம்பிவிட்டார். ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று நாடு நாடாக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். 30 ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைச் சேகரித்தார். அதிலிருந்து 12,000 அடி நீளத்துக்குத் தொகுத்த தமிழ்ப் படம் 1940 ஆகஸ்டில் வெளியாயிற்று. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருக்கிறார். தெலுங்கு வடிவமும் வந்தது. 1953ஆம் ஆண்டு ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த 1940ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் முழுமையாக நம் கைக்கு வந்து சேராமல் போனது பெரிய இழப்பு.

என் விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தை இத்தனை தடவை சுற்றிய மனிதர் தன்னைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கவேண்டும்? மிகக் கொஞ்சமே எழுதினார். விளம்பரம் அவருக்குப் பிடிக்காத சங்கதி. அவர் கட்டுரைகளில் நாம் சந்திப்பது ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆள், ஓட்டல்காரர், கடைப்பெண், அயல்நாட்டில் தமிழ் மறந்துபோன தமிழர். "கரிபியன் கடலும் கயானாவும்" என்று ஒரு நூல் எழுதினார். கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் கரைகள் அவை. எழுத்தர் தழும்பும் மச்சமும் மட்டும் குறித்துக்கொண்ட மனிதர்களைத் தேடிப் போய், அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியவர் அவர். வெளிநாட்டுப் பயண நூல் எழுதியவர்களில் அவரை நான் மற்ற எல்லோருக்கும் மேலே வைப்பது இதற்காகத்தான்.

1943ஆம் ஆண்டு தொடங்கிய "குமரி மலர்" இதழை 1983ஆம் ஆண்டு தம் மறைவு வரை நடத்தினார். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டியெடுத்து மறுபடி அச்சிட்டார். மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக்கினார். அடுத்தவர் பயணத்தைக்கூடப் போற்றிப் பாதுகாத்த பயணி!

செட்டிநாட்டின் நெற்குப்பையில் பிறந்த சோமலெ இன்னொரு வகை. சோம. லெட்சுமணன் என்பதன் சுருக்கம் அது. 1921 முதல் 1986 வரை வாழ்ந்தவர். "உலக நாடுகள் வரிசை" என்று பத்துத் தொகுதிகள் எழுதினார். ஒரு நாட்டின் மக்கள், தொழில், பள்ளிக்கூடம், பத்திரிகை எல்லாவற்றையும் வாத்தியார் போல உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார். உலகம் பார்த்த பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியம். திரும்பி வந்து தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். வெளியூர் பார்த்த கண்ணால் சொந்த ஊரைப் பார்த்தார். தி. ஜானகிராமனின் ஜப்பான் பயண நூலான "உதய சூரியன்" கதாசிரியர் கண்ணில் பட்ட அயல்நாடு. மு. வரதராசனார் "யான் கண்ட இலங்கை" எழுதினார். நூலகத்தில் இவை கிடைத்தால் விடாதீர்கள்.

எட்டு டாலரும் பி படிவமும்

சுதந்திரத்துக்குப் பிறகு சாத்திரத் தடை போயிற்று. சர்க்கார் தடை வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. வெளிநாடு போக ரிசர்வ் வங்கியின் "பி படிவம்" அனுமதி வேண்டும். 1966ஆம் ஆண்டு ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. எட்டு டாலரைப் பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் போய் இறங்கினோம் என்று அந்தத் தலைமுறை மாணவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பாஸ்போர்ட் கொடுப்பதும் கொடுக்காததும்கூட அதிகாரியின் விருப்பமாகத்தான் இருந்தது. 1967ஆம் ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி, சட்டமில்லாமல் அதைத் தடுக்கக்கூடாது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் கூறினார்கள். அதைத் தொடர்ந்துதான் அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இன்று நாம் அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருகிறோமே, அந்த உரிமைக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது.

கப்பலும் அந்தக் காலத்தோடு போயிற்று. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட "ரஜூலா" சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். பின்னர் வந்த "சிதம்பரம்" கப்பல் 1985ஆம் ஆண்டு தீப்பிடித்து உயிர்களைக் காவு கொண்டது. அதோடு அந்த வழியில் வழக்கமான பயணிகள் கப்பல் முடிந்தது. இப்போது சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு சிங்கப்பூரில்!

திரையில் வந்த அயல்நாடு

போக முடியாதவர்களுக்கு ஆசையை ஊட்டியவை பத்திரிகையும் சினிமாவும். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய "இதயம் பேசுகிறது" பயணத் தொடரைக் குடும்பமே முறைவைத்துப் படித்த காலம் ஒன்று உண்டு. செட்டியார் தன்னை மறைத்துக்கொண்டார் என்றால் மணியன் வாசகரின் தோளில் கைபோட்டுப் பேசினார். அந்த நாட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்தேன், குளிருக்கு என்ன போட்டேன் என்று வீட்டு மனிதர் போலச் சொன்னார். "நாமும் போகலாம் போலிருக்கே" என்று நடுத்தரக் குடும்பங்கள் நினைக்கத் தொடங்கின.

1969ஆம் ஆண்டு ஸ்ரீதரின் "சிவந்த மண்" சுவிட்சர்லாந்தையும் பாரிஸையும் நம் ஊர்க் கொட்டகைக்குக் கொண்டுவந்தது. 1970ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படமெடுத்தார். 1973ஆம் ஆண்டு மே மாதம் "உலகம் சுற்றும் வாலிபன்" வெளிவந்தது. செட்டியாரின் தமிழன் அங்கே வாலிபனாகிவிட்டான்! தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் ஹாங்காங், பாங்காக், டோக்கியோ எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பினார்கள். மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாரைப் போல மனத்திலேயே உலகம் சுற்றியவர்கள் அவர்கள். அவர்களையும் பயணப் பிரியர்கள் என்றே நான் கணக்கில் சேர்ப்பேன். அவர்களுடைய பிள்ளைகள்தானே நாம்!

இன்று

1991க்குப் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2004ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி, தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றது. 2015ஆம் ஆண்டு அந்த வரம்பு 2,50,000 டாலர். எட்டு டாலரிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்! போக்குவரத்து ஒருவழியாகவும் இல்லை. நமக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்தபின் கொரியர்களும் ஜப்பானியர்களும் இங்கே குடும்பத்தோடு வந்து வாழ்கிறார்கள். அவர்களுக்கு நம் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஒரு வெளிநாட்டு அனுபவம்.

ஆனால் பழைய படிவம் முழுக்கப் போய்விடவில்லை. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசு அனுமதி பெறவேண்டும். ஏமாற்றும் ஏஜெண்டுகளிடமிருந்து காக்கத்தான் இந்த ஏற்பாடு. இருந்தாலும் விமான நிலைய வரிசையில் நிற்கும்போது பாருங்கள். நாம் குடும்பத்தோடு சுற்றுலாவுக்கு நிற்போம். பக்கத்து வரிசையில் புதுச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர், கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைப் பிடித்தபடி துபாய்க்கோ குவைத்துக்கோ நிற்பார். அதே விமானம், அதே கடல். நம் படிவத்தில் "விருப்பம்" இருக்கிறது. அவர் படிவத்தில் வேலையும் முதலாளியும்தான். அவரிடம் "எந்த ஊரு தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் நம் பயணம் ஒன்றும் குறைந்துவிடாது. ஏ.கே. செட்டியார் கேட்டிருப்பார்.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நாடுகளை எண்ணுவது தவறு என்று நான் சொல்லவரவில்லை. ராஜேந்திரன் எண்ணவில்லையா? சம்பாதித்த காசில், கிடைத்த லீவில், பிள்ளைகளோடு நாலு இடம் பார்ப்பது நல்ல காரியம். எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. பார்த்த நாட்டின் பெயரோடு, அங்கே சந்தித்த ஒரு மனிதரைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால் என்ன?

அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. அடுத்த சந்திப்புக்கான விவரப் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்போம். "நீங்கள் போன ஊரில் உங்களுக்கு உதவியவர் அல்லது உங்களோடு பேசியவர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள்." வேலைக்காக வளைகுடாவில் இருப்பவர்கள், படிக்கப் போனவர்கள், மகள் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம் பெற்றோர்கள் எல்லோரும் எழுதட்டும். பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், தாத்தா மலேயாவிலிருந்து போட்ட கடிதம் எது வீட்டில் கிடந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் நகல் எடுத்துக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். செட்டியாரின் படமே முழுசாக மிஞ்சவில்லை என்னும்போது நம் வீட்டுக் காகிதம் எத்தனை நாள் தாங்கும்?

டர்பன் அம்மாள் கொண்டுவந்த அந்தப் பக்கம் 100 ஆண்டுகளுக்கு மேல் ஒரு அலுவலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அவர் நம் ஊர்வரை வந்தார். நம் பேரப்பிள்ளைகள் மெல்பர்னிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஒருநாள் திருநின்றவூர் ஸ்டேஷனில் வந்து இறங்கக்கூடும். அன்று அவர்கள் கையில் இருக்கும் தாளை நாமே, நம் தமிழிலேயே, ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதி வைத்துவிட்டுப் போவோம்.

பயணம் செய்யும் நண்பர்களுக்கும், செய்யக் காத்திருக்கும் நண்பர்களுக்கும், மனத்தாலேயே சுற்றிவரும் நண்பர்களுக்கும் என் அன்பான வாழ்த்துகள். வளர்க நம் கல்லூரி, வளர்க நம் சங்கம்!